கதைக்கச் சொன்னார்கள்

ஈப்போ ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போக ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆள் வரவில்லை, மழைதான் வந்தது. தகரப்பெட்டியை ஒரு கையிலும் துணிமூட்டையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். ரிக்ஷா இழுக்கும் சீனர் ஒருவர் வந்து நின்றார். "ஆசிய நாகரிகக் கழகம்" என்றேன். தமிழில் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன், கடைசியில் தமிழிலேயே உரக்கச் சொன்னேன். உரக்கச் சொன்னால் விளங்கும் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. அவர் பலமாகத் தலையாட்டிவிட்டு ஓடத் தொடங்கினார்.

கொண்டுபோய் இறக்கியது ரயில்வே கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளின் முன்னால். தமிழன் என்றால் அங்கேதான் போவான் என்பது அவருடைய முடிவு. கீழ்த்திசை மக்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கழகத்துக்கு வந்தவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைக்குமா? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அங்கிருந்த ஒருவர் சீனரிடம் மலாய் பாஷையில் ஏதோ சொல்லி வண்டியைக் கழகத்துக்குத் திருப்பி அனுப்பினார். நான் கிளம்பும்போது, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். இந்த ஊரில் சாப்பிட்டாயா என்பதற்கு அப்படித்தான் கேட்கிறார்கள். "ஆயிற்று" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பட்டினியோடு போய்ச் சேர்ந்தேன்.

எதற்காக இந்தக் கடல் தாண்டினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாயவரத்தில் நான் தமிழ்ப் பண்டிதனாக இருந்த பள்ளிக்கூடத்தில், தமிழுக்குத் தனியாகப் பண்டிதர் எதற்கு என்று நிர்வாகிகளுக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. அதற்கு முந்திய வருஷம்தான் மனைவி போனாள். ஒரே பெண் குழந்தையை மைத்துனன் வீட்டில் விட்டிருக்கிறேன். மைத்துனன் நல்லவன். அவன் மனைவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. குழந்தையின் விரல்கள் சாம்பல் தேய்த்துத் தேய்த்து வெடித்திருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். ஈப்போ கழகத்தில் தமிழுக்கு ஓர் ஆசிரியர் வைக்கப்போகிறார்கள், குடியிருக்க வீடும் தருவார்கள் என்று தெரிந்ததும் கப்பல் ஏறிவிட்டேன். வேலை கிடைத்தால் அவளை அழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அவள் அங்கேதான்.

கழகம் பெரிய கட்டடம். ஈயச் சுரங்கம் வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவர் தம் பழைய மாளிகையைத் தானமாகக் கொடுத்திருக்கிறார். இந்த நாட்டில் பெரிய முதலாளியைத் தவுக்கே என்பார்கள். என்றைக்காவது இங்கே ஒரு பல்கலைக்கழகம் வரும், அதில் கீழ்த்திசைக் கல்விக்கு ஒரு மண்டபம் வேண்டும், அந்த மண்டபம் இதுதான் என்று ஏற்பாடு. நம்மூரில் கல்யாணம் நிச்சயமான பிறகு பந்தல் போடுவார்கள். இங்கே பந்தல் தயார், மாப்பிள்ளையைத்தான் தேடுகிறார்கள்.

வாசல் பலகையில் நாலு பாஷை எழுத்திலும் பெயர் இருந்தது. தமிழை எழுதியவரும் சீனத் தச்சர்தான் போலும். எழுத்துகளை அழகாகச் சித்திரம் மாதிரி வரைந்திருந்தார், ஆனால் ஒரு புள்ளிகூட இல்லை. "நாகரிகக கழகம" என்று இருந்ததைப் பார்த்ததும் ஏணி போட்டு ஏறிப் புள்ளி வைக்கலாமா என்று தோன்றியது. உள்ளே சீன அறையில் பட்டுச் சுருள்கள் தொங்கின. மலாய் அறையில் கையெழுத்துச் சுவடிகளும் கிரீஸ் என்கிற நெளிந்த மலாய்க் கத்தி ஒன்றும் கண்ணாடிக்குள் இருந்தன. தமிழ் அறையைத் திறந்தால் குடைகளும் இரண்டு பைசிக்கிளும். அதிலேயே எனக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள்.

மாலையில் காரியதரிசி வந்தார். பெயர் செல்லையா, யாழ்ப்பாணத்தார். ரோடு போடும் இலாகாவில் பெரிய குமாஸ்தா, வெள்ளைக் கோட்டும் தங்கச் சங்கிலிக் கடிகாரமுமாக இருந்தார். ஸ்டேஷனுக்கு வராததற்கு மிகவும் வருந்தினார். யாழ்ப்பாணத்தாரின் எழுத்துத் தமிழ் எனக்கு நல்ல பழக்கம், நம்மவர்களைவிடச் சுத்தமாக எழுதுவார்கள். பேச்சைக் கேட்பது அன்றுதான் முதல் தடவை. பாதி கேட்பதற்குள் மீதி ஓடிவிட்டது.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, பண்டிதர். சனிக்கிழமை பின்னேரம் கமிட்டி கூடுது. எல்லாரும் வருவினம். நீங்கள் அவையோட ஒரு மணித்தியாலம் கதைச்சால் போதும்."

"கதையா?" என்றேன்.

"ஓம். நீங்கள் கதைக்கிறதிலதான் எல்லாம் கிடக்கு. நான் பக்கத்தில நிண்டு இங்கிலீசில சொல்லுவன்."

"என்ன கதை?"

"அது உங்கட விருப்பம். எதைப் பற்றி எண்டாலும் கதையுங்கோ. நீங்கள் நல்லாக் கதைப்பியள் எண்டு கேள்விப்பட்டுத்தானே கூப்பிட்டது!"

அவர் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கதை! காலில் சலங்கையும் கையில் சிப்ளாக்கட்டையுமாக ஆடிப் பாடும் காலட்சேபக்காரர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. யாப்பும் அணியும் சொல்லிக்கொடுத்தவனைக் கூத்தாடச் சொல்கிறார்களே என்று மானம் போயிற்று. கப்பலுக்கு வழியைப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் குழந்தையின் விரல்கள் ஞாபகம் வந்தன. சரி, கதைதானே, சொல்லித் தொலைக்கலாம்.

மறுநாள் முழுக்க ஊர் சுற்றினேன். சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள் செங்குத்தாக நிற்கின்றன. அடிவாரமே இல்லாத மலையை அன்றுதான் பார்த்தேன். கடைத்தெருவில் சீனர்கள், மலாய்க்காரர்கள், சீக்கியர்கள், நம் செட்டியார்கள் எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு போகிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சீனர் கடையில் ஒரு காப்பி குடித்தேன். வறுவல் மணம் தூக்கியடித்தது. மணத்தை நம்பிப் பலகாரம் ஒன்றைக் கைகாட்டினேன், அதற்குள் பன்றி இருந்தது. சைவனான நான் அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து அதைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டு மறுபடி கொடுத்தார். அவர் மனசு நோகக்கூடாதே என்று தெருமுனை வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அன்றைக்கு யாரிடமும் நான் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை. கழகத்தின் காவல்காரர் சீனர். அவருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு, எனக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு, அதோடு சரி. மழை ஜன்னலில் அடித்துக்கொண்டே இருந்தது. குடைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, பேசாமலே இருந்தால் மனுஷனுக்கு நாக்கு மரத்துப் போகுமோ என்று பயந்தேன். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே பயந்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. கருப்பண்ணன் என்பவர் மாட்டுவண்டியில் பால் கொண்டுவந்திருந்தார். குனோங் ராபாட் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருக்கிறார். தோட்டத்து வேலை போக நாலு மாடு வைத்திருக்கிறார். கதை சொல்ல வேண்டும், தாளத்துக்கு ஆள் வேண்டும் என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அட, நான் டோலக்கு வாசிப்பேன் லா! எங்க கோயிலு பஜனைக்கி நான்தான். வாங்க, தோட்டத்துல ஒரு தரம் சொல்லிப் பாத்துக்கலாம். நம்ம சனத்துக்கும் பொழுது போவும்" என்றார். பேச்சின் முடிவில் "லா" போடுவது இந்த ஊர் வழக்கம்.

அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். பாதி வழியில் சக்கரம் சேற்றில் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். சக்கரம் வெளியே வந்தது, என் செருப்பு உள்ளே போயிற்று. ஒரு செருப்போடு தோட்டத்துக்குள் நுழைந்த முதல் பண்டிதன் நானாகத்தான் இருப்பேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்க, காற்றில் புளித்த பால் வாடை அடித்தது. கருப்பண்ணனின் மனைவி அஞ்சலை அப்போதுதான் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து வந்திருந்தாள். என் காலைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க வாத்தியாரே, பசியாறியாச்சா?" என்று கேட்டாள். இந்த முறை வீறாப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "இல்லையம்மா" என்றேன். சோறும் ரசமும் ஏதோ கீரையும் போட்டாள். கருவாட்டுச் சட்டியை எனக்காக வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு வயிறு நிறைந்தது அன்றுதான்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஜனம் கூடியது. நான் ஒரு ராஜா கதையை எடுத்தேன். கால் பாகம்கூடப் போயிருக்காது.

"ராசா கதை வேணாம் வாத்தியாரே, தீவாளிக்குத் தீவாளி கேக்குறோம். எங்களுக்கே மனப்பாடம்" என்றாள் அஞ்சலை. எல்லாரும் சிரித்தார்கள். கருப்பண்ணன் டோலக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வேறு கதை எனக்குத் தெரியாது. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு ஊரில் ஒரு வாத்தியார் என்று ஆரம்பித்தேன். அவர் பெண்டாட்டி செத்துப்போனாள் என்றேன். மாமன் வீட்டில் குழந்தை பாத்திரம் தேய்ப்பதைச் சொன்னேன். வாத்தியார் கப்பலேறும் இடத்தில் இரண்டு அடி பாட்டாகவே வந்துவிட்டது:

கரைவிட்டுக் கப்பல் நகர்ந்ததடி கண்ணே
கையசைக்க நீயும் வரவில்லையே.

அவ்வளவுதான். அதோடு நிறுத்திக்கொண்டேன். மறுபடி தொடங்கியிருந்த டோலக்கும் நின்றுவிட்டது.

"அப்பறம்? அந்தப் புள்ளைய அப்பன் கூப்புட்டுக்கிட்டானா இல்லியா?" என்றாள் அஞ்சலை.

"தெரியவில்லை" என்றேன்.

"தெரியாமயா கதை சொல்ல வந்தீங்க!" என்று அதட்டினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இருட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று, என் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை. கமிட்டியார் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வெள்ளைக்காரத் துரை. அவர் தைப்பிங்கிலிருந்து வருகிறார், அங்கே மழை பெய்யாத நாளைப் பண்டிகையாகக் கொண்டாடுவார்கள் என்று செல்லையா முன்பே வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். துரைக்கு ஒரு பக்கம் கட்டடத்தைக் கொடுத்த சீனத் தவுக்கே, வயசானவர். மறு பக்கம் மலாய்ப் பள்ளி ஆசிரியர் யூசுப். நான் கழுத்தில் பூமாலை, கையில் ஜால்ராவோடு உள்ளே போனேன். பின்னால் டோலக்கை அணைத்துக்கொண்டு கருப்பண்ணன். செல்லையாவின் முகம் வெளுத்தது. யாழ்ப்பாணத்தார் கட்டுப்பாடு மிகுந்தவர்கள், அதனால் வெளுத்ததோடு நின்றது.

சபையை வணங்கி ஜால்ராவைத் தட்டி ஒரு தொகையறா இழுத்தேன். துரையின் வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கான் மேஜையில் விழுந்தது. செல்லையா என் காதருகே குனிந்தார்.

"ஐயோ பண்டிதர், என்ன செய்யுறியள்? கதைக்கச் சொன்னால் பாட்டுப் பாடுறியளே!"

"பாட்டில்லாமல் கதையா?"

"கதை இல்லை ஐயா, கதைக்கிறது! பேசுறது! எங்கட ஊரில பேசுறதைக் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம்!"

தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியது போல இருந்தது. தமிழ் நூல்களின் பழமை, இலக்கணச் சிறப்பு, இந்நாட்டோடு பழைய காலத்திலிருந்தே நமக்குள்ள தொடர்பு என்று ஒரு மணி நேரம் அல்ல, ஒரு வாரம் நான் பேசியிருப்பேனே! எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் மாலையும் கழுத்துமாக நிற்கிறேன், கருப்பண்ணன் ஒன்றும் அறியாமல் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கோலத்தில் எந்த இலக்கணத்தைப் பேசுவது? ஆனது ஆகட்டும் என்று தோட்டத்தில் சொன்ன கதையையே சொன்னேன்.

செல்லையா வேர்த்து வழிய ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். யூசுப் அதைத் தாழ்ந்த குரலில் தவுக்கேக்கு மலாயில் சொன்னார். மூன்று பாஷை கடந்து அந்தக் கதை போய்ச் சேருவதற்குள் நான் அடுத்த வரிக்காகக் காத்து நிற்பேன். பாத்திரம் தேய்க்கும் இடம் வந்தபோது தவுக்கே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டு முடிந்து நான் நிறுத்தியதும், துரையைக்கூடப் பார்க்காமல் நேராக என்னிடம் ஏதோ கேட்டார்.

"அந்தப் பிள்ளை பிறகு வந்து சேர்ந்ததா எண்டு கேக்கிறார்" என்றார் செல்லையா.

நான் யோசிக்கவே இல்லை. "அது இந்தச் சபையார் கையில் இருக்கிறது. அந்தப் பெண் என் மகள்" என்றேன்.

செல்லையா என்னை ஏறிட்டுப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு சபையாரின் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷுக்கே அது நன்றாக விளங்கிற்று. "ஷீ கேம்" என்றார். வந்துவிட்டாள்.

யூசுப் அதை மலாயில் சொன்னார். தவுக்கே பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்து கைதட்டினார். துரையும் தட்டினார். பின்னால் கருப்பண்ணன் டோலக்கில் ஒரு முத்தாய்ப்பு வைத்தார்.

வராந்தாவில் செல்லையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவியாதேங்கோ, பண்டிதர். தமிழன் எண்டால் கூலி எண்டுதான் அந்தத் துரை நினைச்சிருக்கிறார். அவருக்கு முன்னால ஒரு பண்டிதர் கையேந்துறதை நான் என்ர வாயால எப்பிடிச் சொல்லுறது? எனக்கு ஏலாமல் போச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை அவர்மேல் காட்ட மனம் வரவில்லை. அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையே செய்திருப்பேனோ என்னவோ.

முடிவு தெரிய நேரமாகவில்லை. கதை வெகு உருக்கம், இப்படி ஒருவரை வருஷத்துக்கு ஒரு தடவை வரவழைக்கலாம், தமிழ் அறையில் வாத்தியங்கள் வாங்கி வைக்கலாம், ஆசிரியர் வேலைக்கு மாத்திரம் கல்விமான் ஒருவர் வேண்டும், அதைப் பல்கலைக்கழகம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கல்விமான் வாசலில்தான் நிற்கிறார் என்று செல்லையா திரும்பவும் உள்ளே போய் வாதாடினார். மாலை போட்டுக்கொண்டு பாடியவரா என்று துரை சிரித்தாராம். தவுக்கே மட்டும் வெளியே வந்து என் தோளைத் தட்டி நெடுநேரம் சீனத்தில் ஏதோ சொன்னார். சொல்லும்போது அவர் முகம் கோணியது. மொழிபெயர்க்க ஆள் இல்லை. அவரும் எங்கோ யாரையோ விட்டு வந்தவர் போலும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கருப்பண்ணன்தான் என்னை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனார். சனிக்கிழமையே பால் கறக்க நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டதால் அவருக்கு எதுவும் தெரியாது. மழை விட்டிருந்தது. வழியெல்லாம் மாட்டை அதட்டிக்கொண்டே வந்தவர், பெட்டியை ரயிலில் ஏற்றி வைத்துவிட்டு ஜன்னலண்டை நின்றார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். அது உங்க சொந்தப் புள்ளைன்னு அஞ்சலை அன்னிக்கே சொல்லிட்டா. சபையார் கையில இருக்குன்னு நீங்க சொன்னதும் எனக்குக் கையே ஓடல. அந்த அண்ணன் இங்கிலீசுல சொன்னாரே, எல்லாரும் கை தட்னாங்களே. என்னா சொன்னாங்க?"

"வந்துவிட்டாள் என்று சொன்னார்கள்" என்றேன். அது பொய்யில்லை.

அவர் முகம் முழுக்கச் சிரிப்பானது. "அப்பிடிப் போடுங்க! கூட்டியாரத்தான் ஊருக்குப் போறீங்களா? நான் வேல போச்சோன்னு பயந்துகிட்டே வந்தேன் லா! எந்தக் கப்பல்ல வாரீங்க? சொல்லுங்க, வண்டி கட்டிக்கிட்டு வாரேன். அஞ்சலை கேட்டா குதிப்பா!"

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். ரயில் நகர்ந்துவிட்டது. அவர் கூடவே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"பேரு சொல்லலையே! அஞ்சலை கேப்பா, புள்ள பேரு என்னா?"

இந்த நாட்டில் அவள் பெயரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலையை வெளியே நீட்டிக்கொண்டு, ரயில் சத்தத்துக்கு மேலே உரக்கக் கத்தினேன்.

"கமலம்!"